பெட்டி எண் 316

நெய்வேலி, பிளாக் 16
9.2.2015

ஸ்டெல்லா,

நேற்று போனில் நீ பேசியதில் ‘அப்பா’ என்பது மட்டும்தான் காதில் விழுந்தது. மீதியெல்லாம் கன்வேயர் ஓடுகிற இரைச்சல். சுரங்கத்தில் அந்த பெல்ட் பக்கத்திலேயே நின்று காலத்தை ஓட்டியவனுக்கு அதுதான் மிச்சம். மெசேஜ் அனுப்புங்கள் என்கிறாய். மெசேஜில் பேப்பர் துண்டை வைத்து அனுப்ப முடியுமா? அதனால்தான் தபால்.

உள்ளே இருக்கும் துண்டைப் பார். நேற்றைய ஞாயிறு பேப்பரில் வந்தது. உன்னைக் கேட்காமல்தான் இந்த வரன் விளம்பரத்தைப் போட்டேன். கேட்டால் வேண்டாம் என்று சொல்லப்போகிறாய், அதைக் கேட்க எனக்குத் தெம்பு இல்லை.

ஜூலைக் கடைசியில் நான் ரிட்டையர். அதன் பிறகு கொஞ்ச மாதம் இருக்க விடுவார்கள், அப்புறம் குவார்ட்டர்ஸ் சாவியைக் கொடுத்துவிட வேண்டியதுதான். சர்வீஸில் இருக்கும்போதே பெண்ணைக் கட்டிக்கொடுத்தவனுக்கு இந்த ஊரில் என்ன மரியாதை என்று உனக்கே தெரியும். மண்டபம் கிடைக்கும். கோயிலில் பூசை நடுவே கல்யாண ஓலை வாசிக்கும்போது பாதிப் பேர் தெரிந்தவர்களாக இருப்பார்கள். காலை ஷிப்ட் முடிந்த ஆட்கள் யூனிபார்மோடு நேரே பந்திக்கு வந்து உட்காருவார்கள். ரிட்டையர் ஆன பிறகு கூப்பிட்டால் யார் வருவான்? தவக்காலம் வரப்போகிறது, அதில் கல்யாணம் பேசலாம், செய்ய முடியாது. ஈஸ்டருக்கும் ஜூலைக்கும் நடுவில் முடித்துவிட வேண்டும்.

மெயின் பஜாரில் விளம்பர ஏஜென்ட் சிவப்பிரகாசத்திடம் போனேன். எந்தப் பேப்பர் நல்லது என்று கேட்டதற்கு, “நீங்க எதுக்கு சார் மெட்ராஸ் வரைக்கும் போறீங்க? புதுச்சேரி பதிப்புல போடுங்க. பண்ருட்டி, கடலூர், விருத்தாசலம் எல்லாம் அதத்தான் படிச்சிகினு இருக்கு” என்றார். எனக்கும் சரியென்று பட்டது. யூனியன் ஆபீஸில் நாங்கள் இத்தனை காலமாகப் படிக்கிற பேப்பர்தான் அது.

பதில் வந்ததும் எழுதுகிறேன். கோபப்படாதே.

அப்பா
இருதயசாமி

•

காட்பாடி
16.2.2015

அப்பா,

கோபப்படாதே என்று கடைசியில் எழுதினால் கோபம் வராதா? நல்ல கூத்துதான்.

உங்கள் கடிதம் வருவதற்கு முன்பே விளம்பரத்தைப் பார்த்துவிட்டேன். எப்படி என்று கேளுங்கள். ரயிலில் ஜனங்கள் படித்துவிட்டு சீட்டிலேயே போட்டுவிட்டுப் போகிற பேப்பரையெல்லாம் பெட்டி சுத்தம் செய்கிற சாமியம்மாள் அக்கா அள்ளிக்கொண்டு வந்து எங்கள் டிக்கெட் ஆபீஸில் போட்டுவிடுவார். எங்கள் சீனியர் கண்ணையன் சார் தன் மகளுக்கு வரன் தேடுகிறார். திருச்சி, மதுரை, புதுச்சேரி, எந்த ஊர்ப் பதிப்பாக இருந்தாலும் வரி விளம்பரத்தில் ஒரு வரி விடாமல் படித்துவிட்டுத்தான் மடிப்பார். கவுண்டரில் கூட்டம் நிற்கிறது, நான் டிக்கெட் கொடுத்துக்கொண்டிருக்கிறேன், பின்னாலிருந்து சத்தம்: “ஸ்டெல்லாம்மா, முப்பத்தஞ்சு வயசு, ஆர்.சி., ரயில்வே, காட்பாடின்னு போட்டிருக்கு. நம்ம ஸ்டேஷன்ல உங்கள விட்டா வேற யாரு இருக்காங்க?” வரிசையில் முதலில் நின்றவர் சில்லறையை வாங்க மறந்து என் முகத்தைப் பார்க்கிறார்.

மானம் போனது கிடக்கட்டும். நீங்கள் எழுதியிருப்பதை ஒரு தடவை படித்துப் பாருங்கள். ‘தந்தை நெய்வேலி சுரங்கத்தில் பர்மனெண்ட்’ என்றுதான் ஆரம்பிக்கிறது. அப்புறம் உங்கள் கிரேடு, அப்புறம் குவார்ட்டர்ஸ். நான் கடைசியில் வருகிறேன், அரை வரியில். மாப்பிள்ளை எனக்கா உங்களுக்கா?

அலுப்பாக இருக்கிறது அப்பா. இந்த வாரம் இரண்டு பேர் லீவு, அவர்கள் டூட்டியையும் சேர்த்துப் பார்க்கிறேன். அறைக்கு வந்தால் செருப்பைக் கழற்றக்கூடக் குனிய முடியவில்லை. அடுத்த தடவை என்னைக் கேட்டுவிட்டுப் போடுங்கள்.

ஸ்டெல்லா

•

நெய்வேலி
2.3.2015

ஸ்டெல்லா,

நீ சொன்னதுதான் நடந்தது. சந்தோஷப்பட்டுக்கொள்.

தபால்காரர் கட்டாகக் கொண்டுவந்து கொடுத்தபோது உன் அம்மா படத்துக்கு முன்னால் வைத்துவிட்டுத்தான் பிரித்தேன். எல்லாம் பையோடேட்டா. படிப்பு, ஐ.டி.ஐ. டிரேடு, முன் அனுபவம். பாதிப் பேர் பெண்ணின் பெயரைக்கூடக் கேட்கவில்லை. காடாம்புலியூரிலிருந்து ஒரு பையன் முந்திரிப் பருப்புப் பொட்டலத்தோடு பைக்கில் நேரிலேயே வந்துவிட்டான். உட்கார்ந்து தண்ணீர் குடித்துவிட்டு, “மாமா, மொதல்ல கான்ட்ராக்ட்ல எங்கயாச்சும் சேத்து வுடுங்க. கல்யாணத்த மெதுவா பாத்துக்கலாம்” என்கிறான். எனக்குப் பாதிதான் கேட்டது. அவனே என் காதருகில் வந்து கத்தினான். எதிர்வீட்டு ருக்குமணி வெளியே வந்து பார்த்தாள். நானே ஜூலையில் வெளியே போகிறவன், என்னைப் பிடித்துக்கொண்டு எவன் உள்ளே போக முடியும்? சொன்னால் நம்பவில்லை. பொட்டலத்தையும் திரும்ப எடுத்துக்கொண்டு போய்விட்டான்.

சிவப்பிரகாசத்திடம் போய்ச் சத்தம் போட்டேன். “பேப்பர் மேல குத்தம் இல்லிங்க சார். பர்மனெண்ட்டுனு போட்டீங்க இல்ல, நம்ம பக்கத்துல அதுக்கப்புறம் யாரும் கண்ண நகத்த மாட்டாங்க” என்றார். நியாயம்தான். எங்கள் காலத்தில் அந்த ஒரு சொல்லுக்காக எத்தனை பேர் எத்தனை வருஷம் கேட்டுக்கு வெளியே காத்துக் கிடந்தோம்! அதை முதலில் போடாமல் வேறு எதைப் போடுவது என்று நினைத்துவிட்டேன்.

இப்போது மறைமாவட்ட இதழிலும், ஆங்கிலப் பேப்பரின் ஞாயிற்றுக்கிழமைப் பக்கத்திலும் கொடுத்திருக்கிறேன். இரண்டிலும் என் வேலையைப் பற்றி ஒன்றும் இல்லை. திட்டாதே.

உன் அம்மா படுக்கையில் விழுந்தபோது உனக்கு இருபத்தாறு. புதுச்சேரி ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்கும் நீதான் அலைந்தாய். நான் ஷிப்டுக்குப் போனேன். வந்த வரன்களை அப்புறம் பார்க்கலாம் என்று தள்ளியது நான்தான். உன் வயதை நாங்கள் இரண்டு பேரும் தின்றுவிட்டோம் ஸ்டெல்லா. அதை நினைத்தால் இரவில் தூக்கம் வருவதில்லை. அதனால்தான் இந்த அவசரம்.

அப்பா

•

காட்பாடி
20.3.2015

அப்பா,

முதலில் அந்தக் கடைசிப் பத்திக்குப் பதில். யாரும் எதையும் தின்னவில்லை. அம்மாவைப் பார்த்துக்கொண்டது எனக்குப் பிடித்திருந்தது. கஷ்டமாகவும் இருந்தது, பிடித்தும் இருந்தது. அதை ஒரு கடன் மாதிரி நீங்கள் திருப்பிக் கொடுக்க வேண்டியதில்லை.

நீங்கள் அனுப்பிய பதில்களைப் படித்தேன். மறைமாவட்ட இதழில் வந்தவர்களில் ஒருவருக்கு மூன்று பிள்ளைகள், மூத்தவள் கல்லூரியில் படிக்கிறாள். ‘பிள்ளைகளுக்கு ஒரு தாய் வேண்டும்’ என்று எழுதியிருக்கிறார். அவருக்கு என்ன வேண்டும் என்று எழுதவில்லை. பாவம், கையெழுத்து அழகாக இருக்கிறது. ஆங்கிலப் பேப்பர்க்காரர் குவைத்தில் இருக்கிறார். ஏஜென்ட் ‘ஹோம்லி’ என்று ஒரு சொல்லைச் சேர்த்துவிட்டார் போல. எப்போது வேலையை விடுவேன் என்று தேதி கேட்கிறார்.

கண்ணையன் சாரிடம் சிரித்துக்கொண்டே சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. “எந்தப் பேப்பர்ல போட்டாலும் அதுல போட்ட ஆளுங்கதான் வருவாங்கம்மா. வேற ஆளு வேணும்னா எழுதுறத மாத்தணும்” என்றார். மகளுக்காகப் போட்டுப் போட்டு அலுத்துப்போனவர் சொல்கிறார்.

ஆகவே ஒன்று செய்வோம். இன்னும் ஒரே ஒரு விளம்பரம். பேப்பர் நீங்கள் தேர்ந்தெடுங்கள், எழுதுவது நான். இதுதான் வாசகம்:

‘ஆர்.சி. மணமகள், 35, ரயில்வே பணி. சமைக்கத் தெரியும், தினமும் முடியாது. காது மந்தமான தந்தை உடன் இருப்பார். சம்மதமுள்ளவர் எழுதுக.’

ஒரு எழுத்துக் கூட மாற்றாமல் கொடுங்கள். இதைப் படித்துவிட்டும் ஒருவர் எழுதினால் அவரை நான் பார்க்கிறேன். சத்தியம்.

ஸ்டெல்லா

•

நெய்வேலி
13.4.2015

ஸ்டெல்லா,

ஈஸ்டர் பூசைக்கு நீ வராதது குறையாகத்தான் இருந்தது. டூட்டி என்றால் டூட்டி, நான் எத்தனை கிறிஸ்துமஸை சுரங்கத்தில் கழித்திருக்கிறேன், எனக்குத் தெரியாததா?

நல்ல செய்தி. விளம்பரம் போட்டாயிற்று. இந்தத் தடவை யூனியன் ஆபீஸ் பேப்பர் வேண்டாம் என்று, வாத்தியார்கள் அதிகம் படிக்கிற பேப்பராகப் பார்த்துக் கொடுத்தேன். ஒரே ஒரு பதில்தான், ஆனால் மனுஷன் எழுதிய பதில். சைமன்ராஜ், விருத்தாசலத்தில் பள்ளிக்கூட வாத்தியார், நாற்பத்தொன்று. தங்கைகளைக் கரையேற்றியதில் தாமதமாகிவிட்டது. தன் அக்கா ஆனியையும் கூட்டிக்கொண்டு போன ஞாயிறு வந்திருந்தார். என் காது விஷயம் தெரிந்ததும் பையிலிருந்து ஒரு பேப்பரை எடுத்து, கேட்க வேண்டியதையெல்லாம் எழுதிக் காட்டினார். பெரிய எழுத்தாக, கரும்பலகையில் எழுதுகிற மாதிரி. ‘சமைக்கத் தெரியும், தினமும் முடியாது’ என்பதைப் படித்துவிட்டுத்தான் எழுதினாராம். எனக்கும் தினமும் முடியாது என்கிறார்.

மே மாதம் நீ வா. இங்கேயே பார்த்துக்கொள்ளலாம். மண்டபத்துக்கு ஜூன் மாதத்தில் நாள் இருக்கிறதா என்று கேட்டு வைத்திருக்கிறேன், கேட்டதோடு சரி, எழுதிக்கொடுக்கவில்லை.

இடம் போதாது என்று சிவப்பிரகாசம் சொன்னதால் வாசகத்தில் கொஞ்சம் சுருக்க வேண்டியதாயிற்று. பெரிதாக ஒன்றுமில்லை.

அப்பா

•

காட்பாடி
12.5.2015

அப்பா,

ஊருக்கு வந்து சேர்ந்துவிட்டேன். அன்றைக்குப் பஸ் ஏற்றிவிடும்போது நீங்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டீர்கள். கத்திச் சொல்ல எனக்கும் தொண்டை இல்லை. அதனால் எழுதுகிறேன்.

சைமன்ராஜ் நல்லவர். அதைச் சொல்லிவிடுகிறேன். சர்ச்சுக்குப் போகிற வழியில் மரத்தடியில் நின்று அரைமணி நேரம் பேசினோம், ஒரு சொல்கூடத் தவறாகப் பேசவில்லை. எனக்குப் பிடித்தும் இருந்தது. பொய் சொல்வானேன்? அப்புறம் நான்தான் கேட்டேன், “அப்பா நம்மகூடத்தான் இருப்பாரு, விளம்பரத்துல பாத்திருப்பீங்க” என்று. அவர் முகம் மாறிவிட்டது. அப்படி எதையும் பார்க்கவில்லை என்றார். பையிலிருந்து பேப்பர் துண்டை எடுத்துக் காட்டினார். இல்லை. அந்த ஒரு வரியைத்தான் வெட்டியிருக்கிறீர்கள்.

அவர் வீட்டில் அம்மா, அக்கா, அக்கா பிள்ளைகள். இரண்டு அறை. யோசித்துவிட்டு மெதுவாகச் சொன்னார், அவர்கள் சர்ச் பங்கில் கன்னியாஸ்திரிகள் நடத்துகிற முதியோர் இல்லம் இருக்கிறதாம், சுத்தமாக இருக்குமாம், ஞாயிற்றுக்கிழமை தோறும் போய்ப் பார்க்கலாமாம். மனதில் கெட்ட எண்ணம் இல்லாமல்தான் சொன்னார். அவரிடம் கோபம் வரவில்லை. முடியாது என்று சொல்லிவிட்டேன். அவரும் தலையாட்டினார்.

அந்த வரி இருந்திருந்தால் அவர் எழுதியிருக்கவே மாட்டார். நானும் ஒரு மாதம் எதையாவது நினைத்துக்கொண்டு இருந்திருக்க மாட்டேன். உங்கள் மேல்தான் கோபம் அப்பா. நிறைய.

ஸ்டெல்லா

•

நெய்வேலி
25.5.2015

ஸ்டெல்லாவுக்கு,

ஆமாம், வெட்டினேன். சிவப்பிரகாசம் இடம் இல்லை என்று சொல்லவே இல்லை. “நல்லா இருக்குது சார், அப்புடியே போடலாமே” என்றுதான் சொன்னார். நான்தான் அடித்தேன். எந்தப் பேப்பரில் போட்டாலும் அந்த வரியோடு ஒருவனும் வரமாட்டான். நல்ல பேப்பராகப் பார்த்துப் பார்த்துப் போட்டு என்ன பிரயோஜனம், நீ என்னை மூட்டை மாதிரி கூடவே கட்டிக்கொண்டு நின்றால்?

அந்த மனுஷன் என்ன தப்பாகச் சொல்லிவிட்டான்? கன்னியாஸ்திரிகள் வைத்திருக்கிற இல்லம். எனக்குச் சம்மதம் என்று நான் சொல்லியிருப்பேனே. என்னைக் கேட்டாயா? விளம்பரம் போடும்போது உன்னைக் கேட்கவில்லை என்று அத்தனை திட்டினாய். நீ மட்டும் என் வாழ்க்கையை என்னைக் கேட்காமல் முடிவு செய்யலாமா?

இனி நான் விளம்பரம் எதுவும் போடப்போவதில்லை. உனக்கு வேண்டுமானால் நீயே போட்டுக்கொள். என்னைப் பற்றிக் கவலைப்படாதே. என் கூட வேலை பார்த்த இசக்கிமுத்து தூத்துக்குடியில் வீடு கட்டியிருக்கிறான், மாடி காலியாக இருக்கிறதாம். போய்விடுவேன்.

ஜூலை முப்பத்தொன்றுக்கு நீ லீவு போட்டு வர வேண்டியதில்லை. மாலை போடுவார்கள், சால்வை போடுவார்கள், கம்பெனி வண்டியில் கொண்டுவந்து வீட்டில் விடுவார்கள். அரைமணி நேரக் காரியம். அதற்காக அவ்வளவு தூரம் வராதே.

இருதயசாமி

•

காட்பாடி
8.7.2015

பெட்டி எண் 316,
வரி விளம்பரப் பகுதி,
திருச்சிப் பதிப்பு.

மதிப்பிற்குரிய விளம்பரதாரர் அவர்களுக்கு,

கடந்த ஞாயிற்றுக்கிழமை தங்கள் விளம்பரம் கண்டேன். ‘வேளாங்கண்ணி அல்லது சுற்றுப்புறத்தில் ஒரு அறை வாடகைக்குத் தேவை. கம்பெனி ஓய்வு பெறுபவர், 60, தனி நபர். காது மந்தம், எனவே கடிதம் மூலம் மட்டும். சமையல் தாமே. உறவினர் வருகை இருக்காது.’

தூத்துக்குடியில் தங்களுக்கு மாடி தயாராக இருப்பதாகக் கேள்விப்பட்டிருந்தேன். அது என்னவாயிற்று என்று நான் கேட்கவில்லை.

தாங்கள் திருச்சிப் பதிப்பைத் தேர்ந்தெடுத்த காரணம் புரிகிறது. வேளாங்கண்ணிக்கு அதுதான் போகும். காட்பாடிக்கு வராது என்றும் நினைத்திருப்பீர்கள். ரயில்வே ஸ்டேஷனில் வேலை பார்ப்பவளிடமிருந்து மறைக்கத் தோதான பதிப்பு இந்த மாநிலத்தில் இன்னும் அச்சாகவில்லை ஐயா. திருச்சி வண்டியில் யாரோ சீட்டில் விட்டுப்போனது சாமியம்மாள் அக்கா கைக்கு வந்து, அங்கிருந்து கண்ணையன் சார் மேசைக்கு வந்தது. இந்தத் தடவை அவர் சத்தமாகப் படிக்கவில்லை. மடித்து என் கவுண்டரில் வைத்துவிட்டு, “நா கொஞ்ச நேரம் டிக்கெட் குடுக்கிறேன், நீ வெளிய போய்ட்டு வாம்மா” என்றார். பிளாட்பாரக் கடைசி வரை நடந்துபோய் அழுதுவிட்டு வந்தேன். இது தங்களுக்குத் தேவையில்லாத விவரம்.

என்னிடம் ஓர் இடம் இருக்கிறது. வேளாங்கண்ணியில் இல்லை, காட்பாடியில். இதுவரை தோழியோடு ஓர் அறையில் இருந்தேன். எழுதிக் கேட்டு அலைந்து இந்த மாதம் ரயில்வே குவார்ட்டர்ஸ் வாங்கியிருக்கிறேன். பழைய கட்டடம். இரண்டு அறை, ஒரு அடுப்படி, பின்னால் ஒரு முருங்கை. வீட்டை ஒட்டித் தண்டவாளம் போகிறது, எந்நேரமும் இரைச்சல். காது நன்றாகக் கேட்பவர்கள் யாரும் இங்கே வர மாட்டேன் என்கிறார்கள். கன்வேயர் பக்கத்தில் காலம் தள்ளியவருக்கு அது ஒரு பொருட்டாக இருக்காது என்று நினைக்கிறேன்.

விருத்தாசலத்துக்காரர் பற்றி ஒரு சொல். எனக்கு வருத்தம் இருந்தது, ஆனால் அது தங்களால் வந்த வருத்தம் இல்லை. தாங்கள் தனி அறையில் போய் உட்கார்ந்துகொண்டால் நாளைக்கே யாராவது வந்து என்னைக் கட்டிக்கொள்வார்கள் என்று கணக்குப் போட்டிருந்தால், அந்தக் கணக்கைக் கிழித்துப் போடுங்கள். என் விளம்பரத்தை இனி நானே கொடுப்பேன், எல்லா வரிகளோடும். யாராவது வந்தால் வரட்டும். வராவிட்டால் இரண்டு பேரும் முறை வைத்துச் சமைப்போம்.

என்னைக் கேட்டாயா என்று தாங்கள் ஒரு முறை கேட்டது நியாயம்தான். அதனால் இப்போது கேட்கிறேன். வருவீர்களா?

31ஆம் தேதி லீவு எழுதிக் கொடுத்தாயிற்று. கம்பெனி வண்டி தங்களை மாலையோடு கொண்டுவந்து இறக்கும்போது பிளாக் 16 வாசலில் நிற்பேன். அம்மா படத்தையும் சாமி படத்தையும் மட்டும் கட்டி வையுங்கள். மற்றதை நான் பார்த்துக்கொள்கிறேன்.

ஒரு குறையை மட்டும் முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். உறவினர் வருகை இருக்காது என்று விளம்பரத்தில் போட்டிருக்கிறீர்கள். இந்த வீட்டில் அந்த ஒரு வசதி மட்டும் கிடையாது.

இப்படிக்கு,
வீட்டுக்காரி
ஸ்டெல்லா